ஒற்றைக் கை அடுக்களை: தோளில் கட்டோடு இருப்பவருக்கு எந்தச் சாமான் உதவும், எது பரணுக்குப் போகும்?

தோள்பட்டையில் எலும்பு விரிசல் விட்டதோ, தசைநார் கிழிந்து தைத்ததோ, மூட்டு நழுவி ஏற்றிவிட்டதோ, எதுவானாலும் கை சில வாரங்களுக்கு ஸ்லிங்கில்தான், அதாவது கழுத்திலிருந்து கையைத் தாங்கும் தூளிக்கட்டில். தசைநார் தையல் என்றால் நாலிலிருந்து ஆறு வாரம் சாதாரணம். வெங்காயத்தைப் பிடிக்க ஒரு கை, நறுக்க ஒரு கை. குக்கரைப் பிடிக்க ஒரு கை, மூடியைத் திருக ஒரு கை. நம் அடுக்களையில் எல்லாமே இரண்டு கைக்கு அளந்து செய்தவை. அதனால் ஒரே வாரத்தில் சாப்பாடு ரசஞ்சாதம், தயிர்சாதம், கடை மாவில் இட்லி, இடையில் நாலு பிஸ்கட் என்று சுருங்கிவிடும்.

அந்தச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் நாலு இட்லி 8 கிராம் புரதம். நூறு கிராம் அரிசிச் சோறு 8 கிராமுக்குள். ஒரு கிண்ணம் தயிர் 3, காபிப் பால் 3, ராத்திரி மூன்று தோசை 6 அல்லது 7. மொத்தம் 30-ஐத் தொடுவதே கஷ்டம். நல்ல உடம்புக்கே கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் சொன்ன அளவு. அதாவது 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். காயம் ஆறும் காலத்தில் உணவியலாளர்கள் பொதுவாகச் சொல்வது கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம்; அதே ஆளுக்கு 72 முதல் 90. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை மாத்திரை நிரப்பாது. ஒரு கையால் சமைக்க முடிகிற பருப்பும் முட்டையும் பாலும் மீனும்தான் நிரப்பும். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே பரீட்சைதான்: அடிபட்ட கை வயிற்றோடு ஒட்டிக் கிடக்க, மற்ற கை மட்டும் வைத்து அதைத் திறந்து, வேலை வாங்கி, கழுவிக் கவிழ்க்க முடிகிறதா?

முதலில் எல்லோரும் ஓடிப்போய் வாங்குவது கயிறு இழுக்கும் சாப்பர். 200, 300 ரூபாய்க்குப் பாத்திரக்கடை வாசலிலேயே தொங்குகிறது. அரை நிமிடத்தில் வெங்காயம் பொடிப்பொடியாக வரும், கரண்டும் வேண்டாம். ஆனால் இந்தப் பரீட்சையில் முழுத் தோல்வி. கயிற்றைப் பக்கவாட்டில்தான் இழுக்க வேண்டும். இழுக்கும் விசைக்குக் கிண்ணமும் கூடவே வந்துவிடும். மூடி மேல் ஒரு கை அழுத்தினால்தான் அது இடத்தில் நிற்கும். அடியில் ரப்பர் வளையம் இருந்தாலும், ஈரத்துணி போட்டாலும், நாலாவது இழுப்பில் மேடையின் ஓரத்துக்கு வந்து நிற்கும். சிலர் வயிற்றால் முட்டுக்கொடுத்து இழுக்கிறார்கள். ஸ்லிங்கில் இருக்கும் கை அந்த வயிற்றோடுதான் ஒட்டியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பதில் மேலே அழுத்தினால் ஓடும் கரண்ட் சாப்பர். மோட்டார் தலை கிண்ணத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். உள்ளங்கையால் தலையை அழுத்தினால் அதே அழுத்தம் கிண்ணத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஒரு கைக்காகவே செய்ததுபோல் இருக்கும். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். உள்மூடி வெறுமனே கிண்ணத்தின் மேல் உட்கார வேண்டும். காது மாட்டித் திருகிப் பூட்டும் மூடி என்றால் கிண்ணம் சுற்றும், இன்னொரு கை கேட்கும். கிண்ணம் எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும். கண்ணாடிக் கிண்ணம் பார்க்க அழகுதான், சோப்புக் கையில் ஒற்றை ஆளாகக் கழுவும்போதுதான் அதன் கனம் தெரியும். ஓட்டும் முறையிலும் ஒரு பக்குவம் உண்டு. ஒரு வினாடி அழுத்தி விடுவது, இப்படி நாலைந்து தடவை. ஐந்து வினாடி ஒரேயடியாக அழுத்திப் பிடித்தால் வெங்காயம் நீர்விட்டுக் கூழாகும். அதைத் தாளித்தால் வதங்காது, வேகும். கிண்ணத்தில் பாதிக்கு மேல் அடைத்தால் அடியில் சட்னி, மேலே முழுத் துண்டு. சார்ஜ் போடும் 250 மி.லி. குட்டி சாப்பர் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், இரண்டு பேர் சட்னிக்கு வெங்காயம், இவ்வளவுக்குத்தான். கேரட்டைப் போட்டால் திணறி நின்றுவிடும்.

சாப்பரில் போடும் முன் வெங்காயத்தை நாலாக வெட்ட வேண்டுமே, அதற்கு ஆணிப் பலகை. நறுக்கும் பலகையில் துருப்பிடிக்காத ஆணிகள் இரண்டோ மூன்றோ நிமிர்ந்து நிற்கும். காயை அதில் குத்திவிட்டால் அது பிடித்துக்கொள்ளும், நீங்கள் அரியலாம். பெரிய வெங்காயத்தை ஆணியில் குத்தி, தலையை வெட்டி, நடுவில் பிளந்தால் தோல் தானாகக் கழன்று வரும். ஆன்லைனில் விற்கும் பலகைகளில் அடியில் உறிஞ்சும் ரப்பர் கால் வைத்திருப்பார்கள். அது பாலிஷ் போட்ட கிரானைட்டில், லேசாக ஈரம் தடவினால் நன்றாகப் பிடிக்கும். சொரசொரப்பான கடப்பா கல் மேடையில் பிடிக்கவே பிடிக்காது. காற்று உள்ளே போய்விடும். கடப்பா மேடை வைத்திருப்பவர்கள் அந்தக் காசை மிச்சப்படுத்தி, தெருமுனை ஆசாரியிடம் ஒரு பழைய பலகையில் இரண்டு எவர்சில்வர் ஆணியை அடியிலிருந்து ஏற்றி, மேலே ஒன்றரை அங்குலம் நீட்டி வாங்கிக்கொண்டு, பிழிந்த ஈரத்துணி மேல் வைத்துப் பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் ஆணியில் ஒரு கார்க்கோ உருளைக்கிழங்குத் துண்டோ குத்தி வைக்காவிட்டால், கழுவும்போது உள்ளங்கைதான் குத்துப்படும்.

அரிவாள்மனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கத்தி அசையாமல் நிற்க, காய் நகரும் கருவி அது. அதனால் இயல்பிலேயே ஒரு கைக்கு ஒத்துவரும். கத்தரிக்காய், வெண்டை, பீன்ஸ் எல்லாம் ஒரு கையால் தள்ளியே நறுக்கிவிடலாம். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டும், அது இப்போது கூடாது. மேசை விளிம்பில் திருகி மாட்டும் வகை கிடைத்தால், அதுவும் ஏற்கெனவே அரிவாள்மனையில் பழகிய கைக்கு மட்டும் சொல்லலாம். வலது தோள் அடிபட்டு, பழக்கமில்லாத இடது கையை அந்த வளைந்த கத்தியை நோக்கித் தள்ளப் போகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

கத்தரிக்கோலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரணக் கத்தரிக்கோல் வலது கைக்குச் செய்தது. வலது கையில் பிடிக்கும்போது விரல்களின் அழுத்தம் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று உரச வைக்கும். அதையே இடது கையில் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடும். அதனால்தான் பால் பாக்கெட்டின் மெல்லிய பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் இடையில் மடிந்து சிக்கிக்கொள்கிறது. கத்தரிக்கோல் மொக்கை என்று புதிது வாங்கினாலும் அதே கதைதான். தையல் சாமான் கடையில் நூல் வெட்டும் சின்ன ஸ்பிரிங் கத்தரி கேளுங்கள். விரல் நுழைக்கும் வளையம் கிடையாது, அமுக்கினால் வெட்டும், விட்டால் தானே திறக்கும். எந்தக் கைக்கும் சரி. விலையும் சில பத்து ரூபாய்தான். இந்தப் பட்டியலிலேயே காசுக்கு மேல் வேலை செய்யும் பொருள் இது.

பால் பாக்கெட்டை வெட்டும் விதமும் சொல்லிவிடலாம். பாக்கெட்டை நன்றாகக் கழுவி, பால் காய்ச்சும் பாத்திரத்துக்குள்ளேயே நிற்க வைத்து, மேல் மூலையை வெட்டி, அங்கேயே சாய்த்து விடுங்கள். பால் பாத்திரத்தில் இருக்கும், வெற்று உறை உங்கள் கையில் வரும். தூக்கி ஊற்றப் போனால் பாதி மேடைக்கு. இட்லி மாவு பாக்கெட்டுக்கும் இதே வழி; ஆழமான குண்டானுக்குள் வைத்து வெட்ட வேண்டும். ஓட்டல் பார்சலில் சாம்பார் பையை நூல் சுற்றி முடிந்திருப்பார்களே, அந்த முடிச்சை ஒரு கையால் அவிழ்க்கப் பிறந்தவர் யாருமில்லை. பையைக் கிண்ணத்தில் உட்கார வைத்து, முடிச்சுக்குக் கீழே ஒரு வெட்டு.

அடுப்புக்கு வருவோம். கேஸ் அடுப்பில் குமிழைத் திருக ஒரு கை, லைட்டர் அடிக்க ஒரு கை. ஒரே கை உள்ளவர் முதலில் கேஸைத் திறந்துவிட்டு, பிறகு லைட்டரைத் தேடி எடுத்து அடிக்கிறார். அந்த மூன்று நான்கு வினாடி கேஸ் பக்கென்று எழும். கூடவே ஸ்லிங்கின் தொங்கும் பட்டை நுனி பர்னர் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். ஸ்லிங் நைலான் போன்ற செயற்கைத் துணியாக இருந்தால் உருகி ஒட்டக்கூடியது. இந்தச் சில வாரத்துக்கு இண்டக்ஷன் அடுப்பு இரவல் வாங்கினாலும் பரவாயில்லை. அடி தட்டையாகவும் காந்தம் ஒட்டுவதாகவும் உள்ள பாத்திரம் வேண்டும் என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேஸ்தான் என்றால் பட்டை நுனியைச் சட்டைக்குள் சொருகிக்கொள்ளுங்கள்.

பிரஷர் குக்கரை எடுத்து வைத்துவிடுங்கள். வெளிமூடிக் குக்கரில் இரண்டு கைப்பிடியையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். உள்மூடிக் குக்கரில் மூடியைச் சாய்த்து நுழைத்து, திருப்பி, இழுத்து மாட்ட வேண்டும். சரியாக மூடாத குக்கர் சோறு வேகாமல் விடுவதோடு நிற்பதில்லை, பக்கத்தில் ஆவியைக் கக்கும். மின்சாரப் பிரஷர் குக்கர் கொஞ்சம் தேவலை. ஆனால் மூடியைத் திருகும்போது மொத்த இயந்திரமும் சேர்ந்து திரும்பும். மேடையின் மூலையில், இரண்டு சுவரும் சேரும் இடத்தில் முட்டுக்கொடுத்து வைத்தால்தான் திறக்கலாம். கொண்டைக்கடலை, ஆட்டுக்கறி எல்லாம் அடிக்கடி வேண்டும் என்பவர்களுக்கு, வீட்டில் துணைக்கு ஆளும் இருந்தால், வாங்கலாம்.

இந்த வேலைக்கு நாங்கள் முதல் மதிப்பெண் கொடுப்பது பழைய பாணி எலெக்ட்ரிக் ரைஸ் குக்கருக்கு. ஒரே ஒரு சுவிட்ச், கண்ணாடி மூடி, அவ்வளவு. திருகுவது, பூட்டுவது, விசில், எதுவும் இல்லை. வெந்ததும் தானே சூடுகாக்கும் நிலைக்கு மாறிவிடும், ஓடிப்போய் அணைக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு ஒரு லிட்டர் அளவே போதும். 1.8 லிட்டர் வாங்கினால் நிரம்பிய உள்பாத்திரத்தை ஒற்றைக் கையால் தூக்கவே முடியாது. சின்னதானாலும் தூக்க வேண்டாம். குக்கரை ஓரிடத்தில் நிரந்தரமாக வைத்து, தண்ணீரை டம்ளரால் கொண்டுவந்து ஊற்றுங்கள், சோற்றைக் கரண்டியால் எடுங்கள்.

இதில் செய்ய வேண்டிய முதல் சமையல் பொங்கல், ஆனால் ஓட்டல் கணக்கில் இல்லை. ஓட்டலில் பருப்பைவிட அரிசி பல மடங்கு. இங்கே அரிசியும் பாசிப்பருப்பும் சரிசமம்: 50 கிராம் பச்சரிசி, 50 கிராம் பருப்பு, மொத்த அளவுக்கு நாலு பங்கு தண்ணீர், உப்பு, தட்டிய இஞ்சி, அரை ஸ்பூன் நெய். சாப்பிடுபவருக்கு 15 கிராம் புரதம் கிடைக்கும். தனி இட்லியில் அதே புரதத்துக்கு ஏழெட்டு உள்ளே போக வேண்டும். பாசிப்பருப்பு நுரை கட்டும் சாமான். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை மூடியைத் தூக்கி வெளியே வழிந்து, அடியிலுள்ள சூடேற்றும் தட்டில் இறங்கிக் கருகும். அந்த நெய்யைக் கடைசியில் ஊற்றலாம் என்று வைத்துவிடாமல் முதலிலேயே விடச் சொல்வது நுரையை அடக்கத்தான். சுவிட்ச் மாறிய பின் கால் மணி நேரம் மூடியே வையுங்கள், குழைந்துவிடும். மசிக்கும்போது ஒரு தொல்லை வரும். ரைஸ் குக்கரின் உள்பாத்திரம் எதிலும் மாட்டியிருக்காது. கரண்டியைச் சுற்றினால் பாத்திரமும் கூடச் சுற்றும். வட்டமாகக் கிண்டாமல், சோற்றைப் பக்கச் சுவரோடு கரண்டி முதுகால் அழுத்தி அழுத்தி விடுங்கள்.

துவரம்பருப்பு இதில் வேகுமா என்றால், ஒரு மணி நேரம் ஊறினால் வேகும். மலர வேகும், கடைந்ததுபோல் கரையாது. பாசிப்பருப்புக்கும் மைசூர்ப் பருப்புக்கும் அந்தக் கவலையே இல்லை.

மேலே ஆவித் தட்டு கொடுத்திருந்தால் கீழே சோறு வேகும்போதே மேலே முட்டை. ஆவி வரத் தொடங்கியபின் 12 முதல் 15 நிமிடம். தனியாக முட்டை வேகவைக்கும் கருவி வாங்க வேண்டிய அவசியம் இதனால் அடிபட்டுப் போகிறது. அது மோசமான கருவி என்றில்லை. ஏழு முட்டை வைத்து, அளவுக் குடுவைத் தண்ணீர் ஊற்றி, மூடினால் முடிந்தது, ஒரு கைக்கு எளிது. கூடவே வரும் ஊசியால் ஓட்டில் துளை போடச் சொல்வார்கள். முட்டையைக் கையில் பிடித்துக் குத்த உங்களுக்குக் கை இல்லை, குழியில் உட்கார வைத்த பிறகு குத்துங்கள், அல்லது விட்டுவிடுங்கள். சிக்கல் வேகவைப்பதில் இல்லை, உரிப்பதில். அன்று வாங்கிய முட்டையின் ஓடு வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வரும். ஒரு வாரம் ஆன முட்டை சுலபமாக உரியும். வெந்ததும் குளிர்ந்த நீரில் போட்டு, ஈரத்துணி மேல் உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, சுற்றிலும் நொறுங்கிய பின் தண்ணீருக்குள் வைத்தே கட்டைவிரலால் தள்ளுங்கள். அதற்கும் பொறுமையில்லாதவர் ஓட்டோடு கத்தியால் இரண்டாகப் பிளந்து ஸ்பூனால் தோண்டிச் சாப்பிடலாம்.

மிக்ஸியில் மூடியைக் கவனியுங்கள். பழைய ஜாரில் ஒரு கை மூடியை அமுக்க, மறு கை குமிழைத் திருப்ப வேண்டும். மூடியைப் பிடிக்காமல் ஓட்டினால், அதுவும் வெதுவெதுப்பான தக்காளி என்றால், மூடி பறந்து சுவரெல்லாம் சிவப்பாகும். இருபுறமும் மடக்கிப் பூட்டும் மூடியுள்ள ஜார் தனியாகவே கிடைக்கிறது. உங்கள் மிக்ஸி மாடலுக்குப் பொருந்துமா என்று அடிப்பாகத்தைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

தட்டில் போட்ட பிறகு இன்னொரு பாடு இருக்கிறது. வலது தோள் அடிபட்டவர் இடது கையால் சாப்பிட வேண்டும், அதாவது ஸ்பூனில். எவர்சில்வர்த் தட்டு கிரானைட்டில் வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பு சாய்வாக இருப்பதால் சோறு ஸ்பூனில் ஏறாமல் வெளியே குதிக்கும். நோயாளிகளுக்கென்று விற்கும் விசேஷத் தட்டைவிட, கேன்டீனில் போடுகிற தடுப்பு வைத்த தட்டு நன்றாக வேலை செய்கிறது. தடுப்புச் சுவரில் சோற்றைத் தள்ளி முட்டவைத்து அள்ளலாம். குழம்பு ஊற்றிப் பிசைந்த சாதத்துக்கு, சுவர் செங்குத்தாக இரண்டு அங்குலம் நிற்கும் கிண்ணமோ கும்பாவோ. எதுவானாலும் அடியில் அலமாரிக்குப் போடும் ரப்பர் வலை விரிப்பில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் அசையாது. சோற்றை வழக்கத்தைவிடக் கால் பங்கு தண்ணீர் கூட்டிக் குழைய வேகவைத்தால் ஸ்பூனில் நிற்கும்; உதிரிச் சோறும் இடது கையும் ஒத்துப்போகாது. வீட்டுப் பெரியவர்கள் இடது கையைப் பார்த்து முகம் சுளித்தால், தொடுவது ஸ்பூன்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தட்டை ஒரு மணை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். தட்டுக்குக் குனிந்து குனிந்து சாப்பிட்டால் தோள் முன்னால் சரிந்து வலி கூடும்.

தோசையும் ஆம்லெட்டும் ஸ்பூனுக்கு அடங்காதே என்றால், பீட்ஸா வெட்டும் சக்கரம். மரப்பலகையில் போட்டு நாலு கோடு இழுத்தால் வாய்க்களவாகத் துண்டாகிவிடும், சப்பாத்திக்கும் அதுவே. எவர்சில்வர்த் தட்டிலேயே உருட்டினால் பல் கூசும் சத்தம் வரும், சக்கரமும் மழுங்கும்.

இனி, காயம் என்றதும் வீட்டுக்கு வந்து சேரும் தின்பண்டங்கள். பார்க்க வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு டின் இருக்கும். டின்னின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். நூறு கிராமுக்கு என்று போட்டிருக்கும் புரதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நீங்கள் போடுவது இரண்டு ஸ்பூன். அந்த ஒரு வேளை அளவில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். சர்க்கரை முந்தினால் அது மால்ட் போட்ட இனிப்பு மாவு. அதை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பகுதியில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. மோர்ப்புரதம் எனப்படும் வே பவுடர் வேறு ரகம். ஒரு கரண்டியில் 20 கிராமுக்கு மேலும் கிடைக்கும். பல் கட்டியோ வாய்க்கசப்போ இருந்து சாப்பாடே இறங்காதவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சரி. சாப்பிட முடிகிறவருக்கு அது ஆடம்பரம்.

சத்துமாவுக் கஞ்சி மேல் நமக்குப் பெரிய நம்பிக்கை. வீட்டில் வறுத்து அரைத்தது நல்ல பண்டம்தான். ஆனால் அதில் பெரும்பங்கு தானியம். இரண்டு மேசைக்கரண்டி மாவில் 3 கிராம் புரதம் தேறும். தண்ணீரில் காய்ச்சினால் அவ்வளவே. 200 மி.லி. பாலில் காய்ச்சினால் 9 அல்லது 10 ஆகும், பெருமையில் முக்கால்வாசி பாலுக்குச் சேர வேண்டியது. பொட்டுக்கடலைப் பொடி இன்னும் மேல். 20 கிராமில் 4 கிராம், வேகவைக்கவும் வேண்டாம், பாலில் கலக்கினால் போதும். தோலுளுந்துக் கஞ்சியும் அப்படித்தான், 30 கிராம் உளுந்துக்கு 7 கிராம்.

ஆட்டுக்கால் சூப்பைக் குடித்தால் எலும்பு சேரும் என்பது ஊர் முழுக்க இருக்கும் பேச்சு. வண்டிக்கடையில் கொடுக்கும் கிண்ணத்தில் இருப்பது மிளகு, உப்பு, வெந்நீர், காலிலிருந்து இறங்கிய பசை. அந்தப் பசை ஜெலட்டின். புரதம்தான், ஆனால் டிரிப்டோஃபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் இல்லை, அதை மட்டும் நம்பித் தசை கட்ட முடியாது. எலும்பிலிருந்து கால்சியமும் சூப்புக்குள் சொற்பமே இறங்கும். பசியைக் கிளப்பும், தொண்டைக்கு இதம், அந்த அளவில் வாங்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர் உப்பைக் கேட்டுக் குறைக்கச் சொல்லுங்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகும் பாலும் எள்ளும் இருக்கின்றன. பிரண்டைத் துவையல் விரும்பினால் இன்னொருவர் நாரெடுத்துக் கொடுக்கட்டும். அது இரண்டு கை வேலை, கைக்கு எண்ணெய் தடவாவிட்டால் அரிப்பு வேறு. எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்க்காவிட்டால் தொண்டையும் அரிக்கும்.

பத்தியம் என்ற பெயரில் நடக்கும் கெடுதல் இதையெல்லாம் மிஞ்சியது. தையல் போட்டிருக்கிறது, பருப்பு சேர்க்காதே சீழ் பிடிக்கும், மீன் ஆகாது, முட்டை சூடு, தயிர் சளி என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் மிஞ்சுவது ரசஞ்சாதமும் ரொட்டியும். சீழ் பிடிப்பது கிருமியால். பருப்பை நிறுத்தினால் கிருமி சாகாது, புண்தான் மெதுவாக ஆறும். ஒவ்வாமை உள்ளவர் அவரவர் விலக்க வேண்டியதை விலக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மேலே சொன்ன புரத அளவுக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

சமைக்கவே ஆளில்லை, மெஸ் சாப்பாடுதான் என்றால் எதைக் கேட்டு வாங்குவது என்பதில் எல்லாம் இருக்கிறது. அளவுச் சாப்பாட்டில் சோறு மலையாக, கூட்டு ஒரு கரண்டி. அதோடு ஒரு கலக்கியோ கரண்டி ஆம்லெட்டோ இரண்டு முட்டையில் சேர்த்தால் 12 கிராம் ஏறும், ஸ்பூனிலும் சாப்பிடலாம். மீன் என்றால் வஞ்சிரத் துண்டு. நடுமுள்ளை ஒதுக்கினால் முடிந்தது, நூறு கிராமுக்குச் சுமார் 20 கிராம். மத்தி சத்தானது, ஆனால் இடது கை ஸ்பூனால் மத்தியில் முள் எடுப்பது நடக்காத காரியம். கறியில் கொத்துக்கறி. சைவத்தில் பனீர் கேட்கலாம், வீட்டில் என்றால் கத்தி வேண்டாம், ஸ்பூனால் உதிர்த்தே வதக்கலாம். மீல் மேக்கர் 30 கிராமில் 15 கிராம் புரதம், விலையும் குறைவு. உருண்டையாக வாங்கினால் ஊறியபின் பிழிய வேண்டும், குருணையாக வாங்கினால் வடிகட்டியில் டம்ளர் அடியால் ஒரு அமுக்கு போதும். சாயங்காலம் காராமணியோ கடலையோ சுண்டல், 40 கிராம் காய்ந்த பயறுக்கு 8 கிராம்.

பழத்தில் கொய்யா. உரிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், ஒரு பழத்திலேயே அன்றைய வைட்டமின் சி கிடைத்துவிடும், நாரும் உண்டு. நாரைத் தனியாகச் சொல்லக் காரணம், டிரமடால் வகை வலி மாத்திரைகள் மலத்தைக் கட்டும். இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் வேண்டும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வெறும் வயிற்றில் போனால் வயிற்றைப் புண்ணாக்கும். அரை டம்ளர் காபியைச் சாப்பாடு என்று கணக்கில் எடுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வாயில் போடாமல் காலையும் இரவுமாகப் பிரியுங்கள், காபி டீயிலிருந்தும் இரும்பைத் தள்ளி வையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு இறுகிய தோளுக்கென்று ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சில நாட்கள் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் வீட்டு மீட்டரில் அடிக்கடி பார்த்து, ஏறினால் டாக்டருக்குப் போன் போடுங்கள். கஞ்சியை நிறுத்திப் பட்டினி கிடக்காதீர்கள்.

கயிறு சாப்பரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், ஸ்லிங் கழன்ற அன்றே அதைத் தேடி எடுத்துவிடுவார்கள். வெடுக்கென்று பக்கவாட்டில் இழுக்கும் அந்த அசைவு, தைத்த தசைநாருக்கு ஆகாத அசைவுகளில் ஒன்று. பிசியோதெரபிஸ்ட் இழுக்கும் பயிற்சியை ஆரம்பித்து, கனம் ஏற்றச் சொல்லும்வரை, கயிற்றை இழுப்பது நல்ல கையாக இருக்கட்டும். அடிபட்ட கை, முழங்கை விலாவோடு ஒட்டியபடி, மூடி மேல் வெறுமனே கிடந்தால் போதும்.